தனுசியாவின் காதில் ‘ம்’ விழுந்த நாள்

மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ திங்கட்கிழமை வெருகல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய். இத்தனை மாதம் வாசலைப் பார்த்துக் காத்திருந்த ஆசிரியர் நியமனம் வந்துவிட்டது. தெருவில் காண்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கதையைத்தான் கேட்கிறார்கள். “மகன் போறார், டீச்சருக்குக் கவலையா இருக்கும் என்ன?” நானும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு, “ஓம், என்ன செய்யிறது” என்று சொல்லிவிட்டு நடக்கிறேன். கவலைதான், பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதி என்னவென்று ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். மற்றப் பாதி நிம்மதி. எனக்கு உன்மேல் பொறாமை, மகன். பெற்ற பிள்ளைமேல் ஒரு தாய்க்குப் பொறாமை வருமா என்று கேட்பாய். வரும். வந்திருக்கிறது. ஒரு வருடமாக என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, என்னோடு படுத்து எழும்பிக்கொண்டு இருக்கிறது. நல்ல தாய் என்றால் மகன் வெளிக்கிடும் நேரத்தில், நேரத்துக்குச் சாப்பிடு, ஆற்றில் இறங்காதே, ஈரத் தலையோடு படுக்காதே என்று எழுதுவாள். அவையும் உண்டு. எல்லாவற்றையும் செய். ஆனால் முதலில் இந்தக் கதையை நான் இறக்கி வைக்க வேண்டும்.

நேசரியில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சின்ன வேலை என்றுதான் ஊர் நினைக்கிறது. “அ, ஆ எண்டு கத்த வைக்கிறதுக்கு ஒரு டீச்சர் வேணுமே?” என்று உன் அப்பாவே கல்யாணம் முடித்த புதிதில் கேட்டவர். அவர் சீனன்குடாவில் எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகளோடு காலம் தள்ளியவர். அவருக்குத் திறந்தால் எண்ணெய் வரும், பூட்டினால் நிற்கும். பிள்ளையின் காது அப்படி இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு மணி என்றால் கோயிலில் தொங்குகிற சாமான், அவ்வளவுதான். மணி என்பது வாயால் சொல்கிற ஒரு சொல், அந்தச் சொல்லின் வாசலில் ‘ம்’ என்று ஒரு சத்தம் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தச் சத்தத்தை அதன் காதில் விழுத்துவதுதான் என் வேலை. வடிவம் பிறகு வரும். ட, ப, ம என்று கோடு கீற எந்தக் கையும் பழகிவிடும். நான் ‘ம்’ சொல்லிக் கொடுக்கும் முறை உனக்குத் தெரியும். சொண்டு இரண்டையும் ஒட்டி வாயை மூடச் சொல்லி, மூக்கின்மேல் விரலை வைக்கச் சொல்லி, துறைமுகத்தில் கப்பல் ஊதுவது போல ம்ம்ம் என்று ஊத வைப்பேன். விரல் நுனியில் அந்த அதிர்வு தெரிந்ததும் பிள்ளைகள் நெளிந்து நெளிந்து சிரிப்பார்கள். பிறகு பனையோலையில் இழைத்த உமல் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மணி, மஞ்சள் துண்டு, முட்டைக் கோது எல்லாம் உள்ளே இருக்கும், நடுவில் ஒரு சிரட்டையும் கிடக்கும். ‘ம்’ இல்லாததைக் கண்டுபிடித்து வெளியே போட வேண்டும். இரண்டு கிழமை எடுக்கும், ஆனால் விழுந்துவிடும். எங்கள் கரையில் இன்றைக்கு மீசையோடு கடலுக்குப் போகிற எத்தனையோ பேருக்கு ‘ம்’ என் உமலில் இருந்துதான் வந்தது. இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய். ஆசிரியர் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த காலம். நாள் முழுக்கக் கதிரையில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த உன்னைப் பார்க்கப் பொறுக்காமல், “சும்மா இருக்கிற நேரம் நேசரிக்கு வந்து ஒரு கை தாங்கோ” என்று கூப்பிட்டது நான்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை. முதல் சில நாள் நீ மூலையில் இருந்து பென்சில் சீவிக் கொடுத்தாய், நான் டீச்சர் என்றால் நீ பிள்ளைகளுக்குச் ‘சேர்’ ஆனாய். ஆம்பிளை ஒருவர் நேசரியில் இருப்பதைக் கண்டு தாய்மார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஒரு காலையில், அச்சடித்த பட அட்டைகளோடு வந்து, “அம்மா, இண்டைக்கு ‘ம்’ நான் எடுக்கட்டோ?” என்று கேட்டாய். மேலே இருந்த அட்டையைப் பார்த்தேன். ஒரு மீன் படம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. “எடுங்கோ, எடுங்கோ” என்று சொல்லிவிட்டு அலுமாரிப் பக்கம் போய் வேலை பார்ப்பது போல நின்றேன்.

கடற்கரைப் பிள்ளையிடம் மீன் படத்தைக் காட்டினால் அது மீன் என்று சொல்லாது. மீன் என்பது காசு கொடுத்து வாங்குகிறவர்களின் சொல். இங்கே ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கிறது, நாலு வயதில் எல்லாப் பேரும் தெரியும். அதனால்தான் நான் அந்த மாதிரி அட்டையை எப்போதோ ஒதுக்கிப் போட்டவள். தெரிந்தும் உனக்குச் சொல்லவில்லை. நீ சறுக்குவதைப் பார்க்க எனக்கு ஆசை.

“இது என்ன, பிள்ளையள்?” என்றாய்.

“பாரை!”

“இல்லை சேர், இது விளை. செதிலைப் பாருங்கோ.”

“உனக்கென்ன தெரியும்? வாலைப் பாரடா, பாரைதான். என்ர அப்பா நேத்தும் கொண்டந்தவர்.”

சண்டை பிடித்துக்கொண்டது. ஒன்று மற்றதின் சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். நீ முழிப்பாய், என்னைத் திரும்பிப் பார்ப்பாய், நான் உமலோடு வருவேன் என்று காத்திருந்தேன். நீ திரும்பவில்லை. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து அவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். “சரி, நான் தோத்துப்போனன். அப்ப நீங்கள் எனக்குச் சொல்லித் தாங்கோ. வாயை மூடி ம்ம் எண்டு தொடங்கிற மீன் எது?” வகுப்பு ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு யோசித்தது. எல்லாச் சின்ன வாய்களும் ஒட்டியபடி, உள்ளே கடல் முழுக்கத் தேடிக்கொண்டு. பிறகு மூலையிலிருந்து ஒன்று, “முரல்!” என்று கத்தியது. இன்னொன்று, “மணலை!” மூன்றாவதாக ஒன்று ஆசைப்பட்டு, “சூடை!” என்றது. மற்றதுகள் எல்லாம் அதன்மேல் விழுந்து, “சூடைக்கு வாய் மூடாது!” என்று திருத்தின. நீ திருத்தவில்லை, நான் திருத்தவில்லை, பிள்ளைகளே திருத்தினார்கள். நான் உமலோடு இரண்டு கிழமை மாரடிக்கிற வேலை, மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. “சத்தம் கூடிப்போச்சு, கொஞ்சம் குறையுங்கோ” என்றேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். வாசலில் பிள்ளைகளை நான் குனிந்து கூப்பிடுவேன். அதுகள் என் கைக்குக் கீழால் புகுந்து உன்னிடம் ஓடும். ஒருநாள் நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். உன் நெற்றிக்குப் பற்றுப் போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, நேரம் பிந்தி ஓடிப் போனால் வாசலில் நின்ற எல்லாம், “சேர் வரேல்லையோ?” என்று கேட்டன. “டீச்சர் வந்திட்டன்தானே” என்றேன். ஒன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஓம், ஆனா சேர்?” என்றது. தாய்மாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. “சேர் வந்த பிறகு பிள்ளை வீட்டில ஒரே ம்ம் ம்ம் எண்டுதான் டீச்சர், காது குடையுது” என்று சந்தோசமாக முறைப்பாடு சொல்வார்கள். என் காலத்தில் எந்தப் பிள்ளையும் வீட்டில் போய் ஊதவில்லையா? ஊதியது. அப்போது யாரும் வந்து சொல்லவில்லை. ஒருத்தி நல்ல விலைபோகிற அறுக்குளா மீனில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, “சேருக்கு எண்டு குடுங்கோ” என்றாள். இத்தனை வருடத்தில் எனக்கு அறுக்குளா வந்ததில்லை. சூடைதான் வரும், அதுவும் மலிந்த நாளில். அந்த அறுக்குளாக் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று நீ தண்ணீர் தண்ணீராகக் குடித்தாயே, நினைவிருக்கிறதா? கை தவறிக் கூடியதென்று நினைத்திருப்பாய். கை தவறவில்லை.

உன் அப்பா எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தவர். “மகனோட போட்டி போடுற ஒரே டீச்சர் இந்தத் திருகோணமலையில நீதான்” என்று நான் சமைக்கும்போது குசினி வாசலில் நின்று பகிடி பண்ணுவார். “போட்டியும் இல்லை ஒண்டும் இல்லை, போய் உங்கட வேலையைப் பாருங்கோ” என்பேன். “எனக்கு என்ன வேலை இருக்கு, நான் பென்சன்காரன்” என்பார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நிற்பார்.

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் பக்கத்தில் யாருக்கும் இல்லை. உன்னிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். நாலு வயதில் நீ என் வகுப்பில்தானே இருந்தாய். யாராவது ஒரு பிள்ளை அழுது, நான் அதைத் தூக்கி மடியில் வைத்தால் போதும், நீ எங்கிருந்தாலும் வந்துவிடுவாய். பக்கத்தில் நல்ல பிள்ளை போல இருந்து, அதன் தொடையில் நைசாக ஒரு கிள்ளு. ஒருநாள் கையும் மெய்யுமாகப் பிடித்தேன். “ஏன் கிள்ளினனீ?” என்று கேட்டால், “அது என்ர அம்மா” என்கிறாய். “இஞ்ச நான் டீச்சர்” என்றேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அப்ப அது என்ர டீச்சர்” என்றாய். கிள்ளு வாங்கிய பிள்ளை வீரிட்டு அழுகிறது, நான் உன்னை முறைக்கிறேன், உள்ளுக்குள் எனக்கு வெல்லம் கரைகிறது. அதைத்தான் இந்த வருடம் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். இன்னொருவர் நமக்காகப் பொறாமைப்பட்டால் அது இனிக்கிறது. அதே சாமான் நமக்குள் வந்தால் எட்டிக்காய். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனித் தனுசியாவுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான். அவள் தம்பலகாமத்துப் பிள்ளை. தகப்பன் அங்கே வயலில் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். தாய் இங்கே பட்டினத்தில் ஒரு தையல் கடையில் வேலை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டி வந்து நம் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறாள். வருடத்தின் நடுவில்தான் நேசரிக்கு வந்தாள். வாய் ஓயாது. யானை வந்து வாழையைத் தின்ற கதையை அவள் சொல்லத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் சோற்றை மறந்து கேட்கும். ஆனால் சத்தம் மட்டும் அவள் காதில் விழவில்லை. “மாம்பழம் எப்பிடித் தொடங்குது, தனுசியா?” என்று கேட்டால் கண்ணை உருட்டிப் பார்த்து, “மரத்தில” என்பாள். “மணி?” “கோயில்ல.” “சரி, முட்டை?” “அது கோழியில டீச்சர், உங்களுக்குத் தெரியாதோ?” கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் தை மாதம் அவள் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கும். அங்கே யாரும் நின்று சிரிக்கப் போவதில்லை. காதில் விழாத பிள்ளை கடைசி வரிசை வாங்கில் இருந்து மற்றதைப் பார்த்து எழுதிப் பழகும், பிறகு அங்கேயே இருந்துவிடும். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ இனி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடுதானே மாரடிக்கப் போகிறாய்.

உன் மீன் வித்தை அவளிடம் எடுபடவில்லை. முரலும் மணலையும் அவள் வீட்டுச் சோற்றில் விழுந்ததே இல்லை. அவர்கள் குளத்து மீன் தின்கிற ஆட்கள். நீ கேட்டதற்கு அவள், “மீன் தண்ணியில தொடங்குது” என்றாள். உன் முகம் கொஞ்சம் வாடியது. என் முகம் மலர்ந்தது. ஆ, இவள் எனக்கு என்று நினைத்தேன். நீ அவளுக்குப் பக்கத்தில் இருந்து வேறு ஏதோ தொடங்கப் போனாய். நான் குறுக்கே வந்து, “தனுசியாவை விடுங்கோ. அவவை நான் பாக்கிறன்” என்றேன். நீ சரி என்று எழும்பிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அவளிடம் ‘ம்’ பற்றி ஒரு சொல் பேசவில்லை. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அன்றைக்கு உன்னை மெச்சினேன். அந்த ஒருக்காத் தட்டியிருக்கலாம் நீ.

நான் விடவில்லை, மகன். கப்பல் ஊத வைத்தேன். ஊதினாள், ஊதுவதில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் அந்த ஊதலும் மணி என்ற சொல்லின் முன்பக்கமும் ஒன்றுதான் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. உமலைக் கொடுத்தேன். மஞ்சள் துண்டை எடுத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டாள். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வாயைப் பார்க்கச் சொன்னேன். தன் முன்பல்லு விழுமா விழாதா என்று என்னிடம் கேட்டாள். பொழுதுபட்ட பிறகு வீட்டிலும் அவளை நினைத்தேன், ஆனால் அவளை மட்டும் நினைக்கவில்லை. அவள் ‘ம்’ என்று சொல்லும்போது நீ வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். “அம்மா, இதை என்னெண்டு செய்தனீங்கள்?” என்று நீ கேட்க வேண்டும். நான் தோளைக் குலுக்கிவிட்டு, “அதெல்லாம் பழக்கம்” என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் காதை வைத்து நான் எனக்கு ஒரு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கிழமைகள் போயின. பருவப் பெயர்ச்சியும் தொடங்கி மழையும் வந்துவிட்டது. மாம்பழம் இன்னும் மரத்திலேயே தொடங்கிக்கொண்டிருந்தது.

உன் நியமனக் கடிதம் வந்த மறுநாள் தனுசியாவின் தாய் குடையும் கையுமாக வாசலில் நின்றாள். என்னைத் தனியே கூப்பிட்டாள். வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்ற மாதிரி நின்றாள்.

“டீச்சர், குறை நினைக்காதேங்கோ. சேர் போறதுக்கு முன்னம் என்ர பிள்ளையையும் ஒருக்காப் பாக்கச் சொல்றீங்களோ? மற்றப் பிள்ளையள் எல்லாம் சொல்லுதுகள். இவவுக்கு மட்டும் ஏலாமக் கிடக்கு. எனக்கு நித்திரை இல்லை.”

வெந்த புண்ணில் வேல் என்று சொல்வார்களே, அதுதான். “பாப்பம்” என்று மட்டும் சொன்னேன். அன்று பின்னேரம் உன் அப்பா முற்றத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, “இத்தனை வருசம் நான் செய்தது ஒருத்திக்கும் கண்ணில தெரியேல்லை” என்று குமுறினேன். அவர் இந்த முறை பகிடி பண்ணவில்லை. “அந்தத் தாய்க்கு நித்திரை இல்லையாம் எண்டு நீதானே சொன்னனீ. உங்கட ரெண்டு பேரின்ர போட்டியில அந்தப் பிள்ளை என்ன செய்தது?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்ச் சட்டி பானையை உருட்டினேன். உருட்டினாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

அடுத்த நாள் நான் உன்னிடம், “தனுசியாவை ஒருக்காப் பாருங்கோ” என்று சொன்னேனே, அது உனக்குச் சாதாரணச் சொல்லாகத்தான் கேட்டிருக்கும். தலையாட்டிவிட்டு உடனே எழும்பினாய். அந்தச் சொல்லை வெளியே எடுக்க நான் வீட்டிலிருந்து நேசரி வரைக்கும் வாய்க்குள் அதை உருட்டிக்கொண்டு வந்தவள். சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் களிமண் கொடுத்து உட்காரவைத்தேன். முதுகை உன் பக்கம் வைத்துக்கொண்டேன். பிறகு தாங்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன்.

நீ எந்த அட்டையும் எடுக்கவில்லை. அவளோடு நிலத்தில் இருந்து ஊர்க்கதை கேட்டாய். “உங்கட வீட்டில என்னென்ன நிக்குது?” என்றாய். “ஆடு நிக்குது. மாடு நிக்குது. ஆடு கறுப்பு” என்று தொடங்கி அவள் ஆட்டின் குட்டி வரைக்கும் போனாள். நீ அவசரப்படவில்லை. குட்டியின் பேரையும் கேட்டாய். கதை முடிந்த பிறகு, “தனுசியா, நான் ஒரு வித்தை காட்டட்டே? ஆட்டை மாடாக்கப் போறன்” என்றாய். அவள் பொய் என்றாள். நீ சொண்டை இறுக்கி ஒட்டினாய். ம்ம்ம் என்று நீட்டினாய். நீட்டியபடியே வாயைத் திறந்து ‘ஆடு’ என்றாய்.

ம்ம்ம்ஆடு.

அவள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “திருப்பிச் செய்யுங்கோ” என்றாள். செய்தாய். பிறகு தானே சொண்டை ஒட்டினாள். கண்ணை இறுக்கி மூடி, கன்னம் இரண்டும் உப்ப ஊதித் திறந்தாள். மாடு. தன் வாயிலிருந்து மாடு வந்ததைக் கேட்டுவிட்டு அவள் போட்ட கூச்சலில் களிமண் பிசைந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. “ஆட்டுக்கு முன்னால ம் வந்திட்டுது சேர்! ம் வந்து நிண்டதும் மாடு!”

ஆடு மாடு, ஆடு மாடு என்று நாளுக்கு எத்தனை தரம் என் வாயும் சொல்லியிருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே காலம் காலமாக நிற்கின்றன. நடுவில் நிற்கிற அந்த ஒரு சத்தத்தை நான் காணவில்லை, நீ கண்டாய். எரிந்தது, மகன். இல்லை என்று சொல்லமாட்டேன், அந்த நேரத்திலும் எரிந்தது. ஆனால் தனுசியாவின் முகத்தைப் பார்த்தால் அந்த எரிச்சலை வைத்துக்கொண்டிருக்க இடம் போதவில்லை. அவள் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் முன்னால் ம் வைக்கத் தொடங்கிவிட்டாள். இலை மிலையானது. உமல் முமலானது. அப்பா மப்பாவானார். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து, சரியில்லை என்று தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு அடுத்ததைத் தேடினாள். பிறகு உன்னை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடினாள். என்னிடம். களிமண்ணோடு இருந்த பிள்ளைகளை மிதித்துக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்து, “டீச்சர், குனியுங்கோ, குனியுங்கோ” என்றாள். குனிந்தேன். என் காதுக்குள் ஈரமாக, “மாம்பழம் ம்ம் எண்டுதான் தொடங்குது. மரத்தில இல்லை. நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

அவளின் தோளுக்கு மேலால் நான் உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தில் இருந்தபடியே இருந்தாய். கை இரண்டும் அவளை அணைக்கப் போன மாதிரிக் கொஞ்சம் விரிந்து, அப்படியே நின்றன. வாய் சிரித்துக்கொண்டிருந்தது, முகம் சிரிக்கவில்லை. வித்தை காட்டியவனை விட்டுவிட்டுப் பிள்ளை வேறொருத்தியிடம் ஓடிவிட்டதே என்று ஒரு சின்ன வாட்டம். ஒரு நொடிதான் இருந்தது, உடனே துடைத்துவிட்டாய். வேறு யாருக்கும் அது தெரிந்திராது. எனக்குத் தெரியும். இந்த வருடம் முழுக்கக் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு, தனுசியாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆகவே இதைக் கேள். வெருகலில் பக்கத்து வகுப்பில் உன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருப்பாள். கட்டாயம் இருப்பாள். உன்னிடம் கிழமைக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை அவளிடம் போய் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும். நீ பாடுபட்டுக் கற்றுக் கொடுத்த பிள்ளை, கற்றதைக் காட்ட வேறு யாரையோ தேடிப் போகும். அப்போது வயிறு எரியும். எரியட்டும், அதற்கு மருந்து இல்லை. பிள்ளைகளில் ஆசை இல்லாத டீச்சருக்கு அது எரியாது என்றும் நினைக்கிறேன். அந்த எரிச்சலில் கறிக்கு உப்பைக் கூட்டிப் போடு, உன் பாடு. ஆனால் என்னைப் போல, இந்தப் பிள்ளை எனக்கு என்று சொல்லி ஒன்றைப் பிடித்து வைத்திருக்காதே. அந்தக் கிழமைகள் உன்னுடையவை இல்லை, பிள்ளையுடையவை. பக்கத்து அறைக்குப் போய், “இவவை ஒருக்காப் பாருங்கோ” என்று சொல். அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகக் குத்தும், ஆனாலும் சொல்லிப்போடு. முதலாம் ஆண்டில் வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குச் சத்தம் இன்னும் காதில் விழுந்திருக்காது. பென்சிலைக் கையில் திணிக்க அவசரப்படாதே. யாராவது மாம்பழம் மரத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் பக்கத்தில் இருந்து மரத்தின் கதையைக் கேள். உனக்கு அது நன்றாக வருகிறது. நான் அதை உனக்குச் சொல்லித் தரவில்லை, எங்கே படித்தாயோ தெரியாது, அதிலும் எனக்குப் பொறாமைதான்.

அறுக்குளா தந்தவள் இன்றைக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள். இந்த முறை உப்பு அளவாகத்தான் போட்டேன். அப்பா உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டுகிறார், அவிழ்க்கிறார், சரியில்லை என்று திரும்பவும் கட்டுகிறார். நீ உள்ளே சட்டைகளை மடிக்கிறாய். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு, அப்படியே நேசரிக்குப் போய்க் கதவைத் திறப்பேன். என் வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதைத்தானே ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெருகலில் ஒரு அறையில், பேரும் தெரியாத, முகமும் தெரியாத பிள்ளைகள் வரிசையாக இருக்கப் போகிறார்கள். விடிந்தால் நீ அவர்களிடம் போவாய். அவர்களோடு நிலத்தில் இருப்பாய், அவர்களின் ஆட்டுக்குட்டியின் பேரைக் கேட்பாய், நாள் முழுக்க உன் குரல் அவர்களுக்குக் கேட்கும். எனக்கு இப்போது உன்மேல் பொறாமை இல்லை, மகன். அந்தப் பிள்ளைகள்மேல்தான். ஒவ்வொன்றின் தொடையிலும் ஒரு கிள்ளுக் கிள்ள வேண்டும் போல இருக்கிறது.